கல்வயிற்றுக்காரிக்கு வந்த அடைப்பான்

மோட்டார் கடை அக்காவுக்குக் கல்வயிறு என்ற பட்டப்பெயர் அவளுடைய கல்யாணத்தன்றே ஒட்டிக்கொண்டது. விருந்தில் வைத்த மீன் கெட்டுப்போயிருந்தது. சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். மாப்பிள்ளை கழிப்பறையே கதி என்று கிடந்தார். மணப்பெண் மட்டும், "மீதி இருந்தா கொண்டாங்க" என்று கேட்டாளாம். நிஜமாகவே கேட்டாளா என்று யாருக்கும் தெரியாது. அது மாமியார் கட்டிவிட்ட கதை. மாமியார் சொன்ன கதைக்கு மருமகள் மறுப்புச் சொல்லி எந்தக் காலத்தில் எடுபட்டிருக்கிறது?

அவளும் மறுக்கவில்லை. போகப்போக அதில் ஒரு பெருமையே வந்துவிட்டது. நேற்று வைத்தது, முந்தாநாள் வைத்தது, அடிப்பிடித்தது, வேகாதது எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். "கல்லைத் தின்னாலும் கரைஞ்சிடும்" என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவாள்.

புருஷன் நேர் எதிர். அவர் தையல்காரர். தண்ணீர் குடித்தாலும் நெஞ்சு கரிக்கும், காற்றை விழுங்கினாலும் ஏப்பம் வரும் என்று சொல்லுகிற உடம்பு. எதையும் கூழாகும்வரை வேகவைத்துத்தான் வாயில் வைப்பார். அதனால் வீட்டில் சமையல் அவர் பொறுப்பு. இருவருக்கும் ஒரே கடை, நடுவில் ஒரு மரத் தடுப்பு. அந்தப் பக்கம் தையல் மெஷின் கடகடக்கும். இந்தப் பக்கம் அவள் எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, கருகிய கம்பியை அறுத்தெடுத்து, புதுச் செப்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பாள். அப்பாவிடம் கற்ற வேலை.

பொம்பளை கட்டின மோட்டார் ஓடுமா என்று ஊரே சிரித்த காலம் ஒன்று இருந்தது. அப்போது, "ஓடுதா இல்லையான்னு ஓட்டிப் பார்த்தாத்தானே தெரியும்" என்று தன் கிணற்று மோட்டாரைத் தூக்கிவந்து அவள் முன்னால் வைத்தவர் மாட்டுக்காரர். ஊருக்கு வெளியே பால் பண்ணை வைத்திருப்பவர். மோட்டார் ஓடியது. அன்றிலிருந்து அவள் அவருக்குத் தங்கச்சி, அவர் அவளுக்கு அண்ணன். அவர் சொல்லித்தான் நாலு பேர் அவள் கடைப் படியேறினார்கள். அந்த நன்றி அவளுக்கு எப்போதும் உண்டு.

கோடை நீண்டு, புல்லெல்லாம் வேரோடு கருகி, ஒருவழியாக முதல் மழை பெய்து ஓய்ந்த சமயம் அது. பண்ணையில் மோட்டார் புகைந்துவிட்டது என்று போன் வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் கிளம்பிப் போனாள். கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய் விரித்து, பால் கறக்கிறவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு பசுவின் தோலை உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு அண்ணே?"

"காலையில நல்லாத்தான் நின்னுச்சு தங்கச்சி. தண்ணி காட்டலாம்னு போனேன், வெடவெடன்னு நடுங்கிக் கீழ விழுந்துடுச்சு. கொழுத்த மாடு, வீணாப் போக விடலாமா? உசிர் இருக்கும்போதே அறுத்துட்டோம்."

உசிர் இருக்கும்போதே என்று சொல்லும்போது அவர் தரையைப் பார்த்தார். அவளும் தரையைத்தான் பார்த்தாள். பசுவின் மூக்கிலிருந்து வடிந்த ரத்தம் தார் கரைத்த தண்ணீர் மாதிரி கறுப்பாக ஓடியிருந்தது. வெயிலில் இத்தனை நேரம் கிடந்தும் உறையவில்லை. அவளுக்கு அது என்னவோ போலிருந்தது.

"மாட்டு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"அவர் வர்றதுக்குள்ள நாறிப்போயிடும். நீ வெளிய எதுவும் சொல்லிடாதேம்மா. சீக்கு மாடுன்னு ஒரு பேச்சு கிளம்பினா போதும், என் பாலை நாய்கூட நக்காது."

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்?" என்றாள். அத்தோடு அதை மறந்தும் விட்டாள்.

மோட்டாரைக் கழற்றி முடிப்பதற்குள் நெருப்பு மூட்டிவிட்டார்கள். ஈரலையும் கறியையும் கம்பியில் கோத்துச் சுட்டார்கள். மேலே கரி, உள்ளே சிவப்பு. மாட்டுக்காரர் மனைவி ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"இன்னும் வேகலையே, கொஞ்சம் பொறு."

"கொடுங்க அண்ணி, மிச்சம் வயித்துக்குள்ள வெந்துக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கம்பி கம்பியாகத் தின்றாள். வீட்டுக்கும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். தையல்காரர் அதை அடுப்பில் ஏற்றிவிட்டு ஒரு சட்டையே தைத்து முடித்தார். கறி நாராகி, நார் கரைந்து, குழம்பு எது கறி எது என்று தெரியாமல் போன பிறகு இறக்கி, பயந்து பயந்து இரண்டு வாய் சாப்பிட்டார்.

ஓரிரு நாள் கழித்து அவள் தட்டில் வைத்த சாப்பாடு அப்படியே இருந்தது.

தையல்காரருக்கு அதுவே திக்கென்றது. பூகம்பம் வந்தாலும் தட்டைக் காலி செய்துவிட்டு ஓடுகிற பெண்பிள்ளை அவள். "பசிக்கல. வெயில் ஏறிடுச்சு போல" என்று சொல்லிப் படுத்துவிட்டாள். பிறகு குமட்டல், அப்புறம் வாந்தி, கூடவே காய்ச்சல். அவருடைய அலமாரியில் வயிற்றுக்கென்று இல்லாத மருந்தே கிடையாது. அவற்றைப் பார்த்து இத்தனை வருஷமாகக் கேலி செய்தவள் வாயைத் திறந்து, கொடுத்ததையெல்லாம் விழுங்கினாள். ஒன்றும் உள்ளே நிற்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம்மா."

"கல்வயிறு வயித்துவலின்னு போய் நின்னா ஊரே சிரிக்காதா? நாளைக்குச் சரியாயிடும்."

சரியாகவில்லை. ஈரத் துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி யாரோ குடலைப் பிழிந்தார்கள். மறுநாள் எடுத்த வாந்தி காப்பித்தூள் கரைத்த நிறத்தில் இருந்தது. வயிற்றுப்போக்கில் ரத்தம் கலந்து போனது. அதையும் அவள் மறைக்கத்தான் பார்த்தாள். ஆனால் தையல்காரர் கண்ணிடம் மறைக்க முடியாத ஒன்று இருந்தது. அளவு நாடா இல்லாமலே அளவெடுக்கிற கண் அது. சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்து நின்றபோது, அவர் அவள் இடுப்பையே பார்த்தார்.

"காலையில இருந்த இடுப்பு இல்ல இது" என்றார். "எதுவும் சாப்பிடாத வயிறு எப்படிப் பெருக்கும்?"

அவள் பதில் சொல்வதற்குள் கால் மடங்கிவிட்டது. பக்கத்துக் கடை காய்கறி வேனில் கூடைகளுக்கு நடுவே படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். என்றைக்கும் அதிர்ந்து பேசாத தையல்காரர் வழிநெடுக டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் வயிற்று டாக்டரம்மா அவள் வயிற்றில் ஒரு கையை வைத்து, மறுகை விரலால் தட்டிப் பார்த்தார். தண்ணீர்ப் பானையைத் தட்டினது மாதிரி சத்தம் வந்தது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. இரண்டு கையிலும் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மருந்து ஊசி போட்டார்கள். ஸ்கேனில் வயிறு முழுக்க நீர் தெரிந்தது. ஒரு நீள ஊசியால் அதில் கொஞ்சம் உறிஞ்சிச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

"கடைசியா வெளிய எங்கயாவது சாப்பிட்டீங்களா?"

"இல்ல டாக்டரம்மா. வீட்டுச் சாப்பாடுதான்."

கட்டிலருகே நின்ற தையல்காரர் அவளைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா திரும்பி வந்தபோது நாற்காலியை இழுத்துப்போட்டுக் கட்டிலை ஒட்டி உட்கார்ந்தார். சோதனைக்கூடத்தில், எடுத்த நீரில் குச்சி குச்சியாகக் கிருமிகள் சங்கிலி கோத்து நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள். முடிவு உறுதியாக இன்னும் நேரமாகும். ஆனால் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அம்மா, நான் போலீஸ் இல்ல. யாரையும் பிடிச்சுக் கொடுக்கிறது என் வேலையும் இல்ல. மாட்டுக்கு அடைப்பான்னு ஒரு நோய் வரும், கேள்விப்பட்டிருக்கீங்களா? ஆந்த்ராக்ஸ்னும் சொல்லுவாங்க."

அவள் போர்வையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

"அந்தக் கிருமி விதை மாதிரி மண்ணுக்குள்ள வருஷக்கணக்காத் தூங்கும். புல்லோட மாட்டு வயித்துக்குள்ள போகும். அந்த மாட்டுக் கறியை நாம தின்னா நம்ம வயித்துக்குள்ள வரும். குடல்ல இடம் கிடைச்சதும் முழிச்சுக்கும். குடல் சுவர்ல புண்ணு போடும். அங்கிருந்து ரத்தம் கசியும். தொடையில புண்ணு வந்தா இடுக்குல நெறி கட்டுமே, அதே மாதிரி வயித்துக்குள்ள நெறி கட்டும். அது கக்குற விஷத்துல ரத்தக் குழாய் எல்லாம் ஒழுக ஆரம்பிக்கும். உங்க வயித்துல நிக்கிற தண்ணி அப்படி வந்ததுதான்."

"பிழைப்பேனா?"

"மருந்து இருக்கும்மா. சரியான மருந்தைத்தான் ஏத்திட்டிருக்கோம். உங்களுக்காக நான் போராடுறேன். ஆனா அந்தக் கறியை வேற யாராவது தின்னிருந்தா, இப்ப அவங்க, வெயில் ஏறிடுச்சுன்னு நினைச்சுப் படுத்திருப்பாங்க."

வெயில் ஏறிடுச்சு. தான் சொன்ன அதே வார்த்தை.

டாக்டரம்மா எழுந்து போனதும் தையல்காரர் குனிந்தார். "நீ சொல்லலன்னா நான் சொல்லத்தான் போறேன். எனக்கு உன் அண்ணனும் வேண்டாம், அவர் மாடும் வேண்டாம். ஆனா நீ சொன்னாத்தான் அவர் நம்புவார்."

"போனைக் கொடுங்க" என்றாள்.

மாட்டுக்காரர் உற்சாகமாகத்தான் எடுத்தார். "என்ன தங்கச்சி, மோட்டார் ரெடியா?"

"அண்ணே, நான் ஆஸ்பத்திரியில கிடக்கேன். அந்த மாட்டுக்கு அடைப்பான் இருந்திருக்கும்னு சொல்றாங்க. தின்னவங்க எல்லாரும் உடனே வரணும்."

மாட்டுக்காரர் குரல் மாறிவிட்டது. "நான் உன்கிட்ட என்ன கேட்டுக்கிட்டேன்? ஒரே ஒரு வார்த்தை. அதைக்கூட உன்னால காப்பாத்த முடியலையா?"

"வார்த்தையைக் காப்பாத்தினா ஆளு போயிடும் அண்ணே. அண்ணி எப்படி இருக்காங்க? உண்மையைச் சொல்லுங்க."

"அவளுக்கு என்ன, தொண்டை கட்டியிருக்கு. மிட்டாய் சப்பிக்கிட்டிருக்கா" என்றவர் அவளைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். "கழுத்து கொஞ்சம் வீங்கியிருக்கு" என்று மெல்லச் சொன்னார். பிறகு போனை வைத்துவிட்டார்.

அவர் வருவாரா மாட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. டாக்டரம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள், மூக்கிலிருந்து ஓடிய கறுப்பு ரத்தம் உட்பட. சொல்லி முடித்ததும் அழுதாள். அண்ணனைக் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்ற அழுகை பாதி, வயிற்றுவலி பாதி.

சுகாதாரத் துறை ஆட்களும் மாட்டு டாக்டரும் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது, மாட்டுக்காரர் மனைவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கழுத்து தாடையோடு ஒன்றாகி, அந்த அம்மாளுக்கு எச்சில் விழுங்க முடியவில்லை. வேகாத அந்த ஒரு துண்டு தொண்டையிலேயே புண்ணைப் போட்டுவிட்டிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் வீக்கம் மூச்சையே அடைத்திருக்கும் என்றார்கள். தோல் உரித்தவர் முழங்கையில் கறுப்பாக ஒரு பொருக்கு இருந்தது. வலி இல்லாததால், பூச்சி கடித்தது என்று எண்ணிச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அவரையும் அழைத்துவந்தார்கள். தின்ற மற்றவர்களுக்கும் தையல்காரருக்கும் மாத்திரை கொடுத்தார்கள்.

"நான் நல்லா வேகவெச்சுத்தான் சாப்பிட்டேன் டாக்டரம்மா" என்றார் தையல்காரர்.

"நல்லா வெந்ததால ஆபத்து குறைஞ்சிருக்கலாம். ஆனா இந்த விதையை நம்ப முடியாது. மாத்திரையை நடுவுல நிறுத்தாம சாப்பிடுங்க."

மருந்து என்றால் அவரிடம் சொல்லவா வேண்டும்?

கல்வயிற்றுக்கு ஊசி மட்டும் போதவில்லை. குடலில் ஒரு பகுதி கறுத்துச் செத்துப்போயிருந்தது. அதை வெட்டியெடுத்து நல்ல இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். கண்விழித்தபோது மூக்கில் குழாய், வயிற்றில் குழாய், கையில் குழாய். தன்னையே யாரோ பிரித்துப்போட்டு வேலை செய்த மாதிரி இருந்தது அவளுக்கு.

"எவ்வளவு வெட்டினீங்க?" என்று டாக்டரம்மாவைக் கேட்டாள்.

"ஒரு முழம்கூட இருக்காது. மிச்சம் மாடியிலிருந்து தொங்கவிட்டாத் தரையைத் தொடும். கவலைப்படாதீங்க."

"தையல் நேரா விழுந்திருக்கான்னு இவரைக் கேளுங்க" என்று கணவரைக் காட்டினாள். தையல்காரர் சிரிக்க முயன்று, முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. வெட்டித் தைத்த குடல் மறுபடி அசையவேண்டும். அசைகிறவரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாய் வழியாகக் கிடையாது. டாக்டரம்மா தினமும் வந்து வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்பார். உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார். உள்ளே அமைதி. சாவு வீட்டு அமைதி என்று தையல்காரர் நினைத்தார், ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை. வயிற்றில் தேங்கும் நீர் குறைந்து வந்தது, காய்ச்சலும் இறங்கியது. குடல் மட்டும் வாய் திறக்கவில்லை.

ஒரு காலையில் டாக்டரம்மா வழக்கம்போல் குனிந்து கேட்டார். வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டார். பிறகு நிமிர்ந்து, கருவியைக் கழற்றித் தையல்காரர் காதில் மாட்டினார்.

"கேளுங்க."

முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் எங்கோ தூரத்தில் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன் கேட்கிற மாதிரி, களக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு, கடகடவென்று இன்னொன்று. வாழ்நாளெல்லாம் தன் வயிற்றுச் சத்தத்துக்குப் பயந்து மருந்து குடித்த மனுஷன், மனைவியின் வயிற்றுச் சத்தத்தைக் கேட்டு வார்டு என்றும் பாராமல் தேம்பித் தேம்பி அழுதார்.

"ஐயோ, என்னங்க ஆச்சு? என்ன கேக்குது?" என்று அவள் பயந்து கேட்டாள்.

"திட்டுதுடி" என்றார் அவர். "சோறு போடலன்னு திட்டுது!"

முதல் நாள் ஒரு கரண்டித் தண்ணீர். அது தொண்டையில் இறங்கி, நெஞ்சைத் தாண்டி, உள்ளே போய்ச் சேருகிறவரை அவள் அதன் கூடவே போனாள். இத்தனை வருஷம் எத்தனையோ தின்றிருக்கிறாள். உள்ளே ஒருத்தி அத்தனையையும் வாங்கி அரைத்துப் பிழிந்து உடம்புக்கெல்லாம் பங்கு வைத்திருக்கிறாள். அவளை ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இரண்டாவது கரண்டிக்கு வாயைத் திறந்தபோது பசித்தது. பசி வலிக்கும் என்பது தெரியும். அது இவ்வளவு சந்தோஷமாக வலிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

மாட்டுக்காரர் மனைவி மாடியில் தொண்டைப் பிரிவில் இருந்தாள். மாட்டுக்காரர் தினமும் அவளைப் பார்த்துவிட்டுப் போவார். கீழே கல்வயிறு இருந்த பக்கம் மட்டும் திரும்பமாட்டார். கல்வயிறு அந்த வருத்தத்தைச் சொல்லும்போதெல்லாம் தையல்காரர், "வரலன்னா போகட்டும், நமக்கென்ன" என்பார். ஆனால் வாசலைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்.

கடைசியில் மாட்டுக்காரரை இழுத்துவந்தது அண்ணிதான். கழுத்து வீக்கம் வடிந்து நடக்கத் தொடங்கியதும், குளுக்கோஸ் புட்டியை ஒரு கையிலும் புருஷன் சட்டையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டாள். குரல் இன்னும் கரகரத்தது.

"சொல்லுங்க" என்றாள் புருஷனிடம்.

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பால் வாங்க ஆள் வர்றதில்ல தங்கச்சி. ரோட்டுல போறவன்கூட மூக்கைப் பொத்திட்டுப் போறான். உன்மேல கோவம் இருந்தது. இல்லன்னு சொன்னா பொய். இன்னும் கொஞ்சம் இருக்கு."

"இருக்கட்டும் அண்ணே."

"மாடு செத்துத்தான் கிடந்துச்சு. நாங்க பார்க்கறப்பவே உசிர் இல்ல. உனக்குத் தெரியுமில்ல?"

"சந்தேகம் இருந்துச்சு. இருந்தும் தின்னேன். அதுக்கு உங்களைக் குத்தம் சொல்ல முடியுமா?"

அண்ணி குறுக்கிட்டாள். "ரெண்டு பேரும் குத்தத்தைப் பங்கு போட்டு முடிச்சாச்சா? எனக்குக் கால் வலிக்குது, கொஞ்சம் நகரு." கட்டிலில் அவள் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். நர்ஸ் வந்து மூன்று பேரையும் சேர்த்து ஒரு சத்தம் போட்டாள்.

பண்ணையில் மிச்ச மாடுகளுக்கெல்லாம் தடுப்பூசி போட்டார்கள். ரத்தம் சிந்திய இடத்தை எரித்துச் சுண்ணாம்பு கொட்டி வேலி கட்டினார்கள். அந்த மூலையில் இனி எதுவும் மேயக்கூடாது. பால் விற்பனை திரும்ப நாளாயிற்று. இரண்டு வேலைக்காரர்கள் பயந்து போனவர்கள் போனவர்கள்தான். ஆனால் மாட்டு டாக்டர் எல்லோர் முன்னாலும் பண்ணை சுத்தம் என்று சொல்லிப் போன பிறகு, முதலில் ஒரு வீட்டார் வந்தார்கள், பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள்.

கல்வயிறு கடைக்குத் திரும்பினாள். கொஞ்சம் கொஞ்சமாக, நாளில் பலமுறை சாப்பிடவேண்டும். கனமான மோட்டாரை இப்போது தனியாகத் தூக்க முடியாது, தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கணவர் எழுந்து வந்து ஒரு கை கொடுப்பார். சில நாள் காரணமில்லாமல் சோர்வு வரும். அப்போது துணிக்குவியல்மேல் சாய்ந்துகொள்வாள்.

அப்படி அவள் சாய்ந்திருந்த ஒரு மத்தியானம், மூன்றாவது தெருவில் ஆடு வளர்க்கிற அம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். நன்றாக மேய்ந்துகொண்டிருந்த ஆடு சுருண்டு விழுந்து செத்துவிட்டதாம். மருமகன் கத்தி தீட்டுகிறானாம். "எனக்கு என்னமோ மாதிரி இருக்கும்மா. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லேன், நான் சொன்னா அவன் கேக்கமாட்டான்."

அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனாள். அந்த வீட்டு முற்றத்தில் மருமகன் ஆட்டின் காலைப் பிடித்துப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, கத்தியைக் கீழ வை. தொடாதே. மாட்டு டாக்டருக்குப் போன் பண்ணியாச்சு, வந்துட்டிருக்கார்."

"ஒரு ஆட்டுக்கு டாக்டரா? நல்ல கறி வீணாப் போகுது அக்கா!"

"போகட்டும்" என்று சொல்லி, ஆட்டுக்கும் அவனுக்கும் நடுவே ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவன் முணுமுணுத்தான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டர் வரும்வரை அவள் நகரவில்லை.

ஆட்டைச் சோதித்ததில் அடைப்பான் இல்லை. எங்கோ விஷச் செடியைத் தின்றுவிட்டிருந்தது. மருமகன் அந்தச் சேதியைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போய், கடை வாசலிலும் வந்து நின்றான்.

"என்ன அக்கா, அடைப்பானும் இல்ல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்களே?"

"அப்படியா? ரொம்ப நல்லதாப் போச்சு" என்று மனசார மகிழ்ந்துபோய்ச் சொன்னாள் அவள். "வா, உள்ள வந்து உட்காரு. டீ குடிச்சிட்டுப் போ."